பின் இருக்கை இல்லாத கார்

கடந்த ஆண்டு தை மாதத்தில் ஓர் இரவு, லண்டனிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் என்னோடு ஒன்றாகப் படித்தவர். 1996 இல் நாட்டை விட்டுச் சென்றவர். அவர் அழைத்தால் பேச்சு அரசியலில் தொடங்கி அரசியலிலேயே முடிவதுதான் வழக்கம். அன்று விடயம் வேறாக இருந்தது.

"மச்சான், வாற ஆவணியிலை அவவுக்கு ஐம்பது வயசு. ஒரு கார் வாங்கிக் குடுக்கலாம் எண்டு யோசிக்கிறன். சும்மா கார் இல்லை, கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார். ஆனா என்ரை காசுக்குள்ளை வரவேணும். அவவுக்குச் சொல்லாமல் வாங்கி வாசலிலை விடப்போறன். எது நல்லது எண்டு சொல்லு."

சொந்தமாக ஒரு காரைக்கூட வைத்திருந்திராத என்னிடம் இதை ஏன் கேட்கிறார் என்று வாசகர்கள் வியக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. பத்திரிகையில் சேர்ந்த ஆரம்ப காலத்தில், வாரமலரின் வாகனப் பக்கத்தை நிரப்பும் பொறுப்பு இரண்டு ஆண்டுகள் என் தலையில் விழுந்தது. மோட்டார் சைக்கிளில் அலுவலகம் வந்துபோய்க்கொண்டிருந்த நான், உலகத்தின் விலையுயர்ந்த கார்களைப் பற்றி வாராவாரம் எழுதினேன். அன்று வாசித்தவற்றுள் அரசியலை விடவும் சுவையான வரலாறு நிறைய இருந்தது. அதில் ஒரு பகுதியை நண்பருக்குச் சொன்னேன். அவருக்குச் சொன்னதையும், பின்னர் நடந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் அந்தப் பெண்மணியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய தந்தையார் வலிகாமத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். கார், மொரிஸ் மைனர். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது போனதையும், எங்களுடைய பழைய பிரித்தானியக் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியதையும் அக்காலத்தில் அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிறு போத்தலில் பொத்திப்பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேட்டரில் விட்டு இயந்திரத்தை இயக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகையும் நெடியும் தெருவை நிறைக்கும். பிரசவ வேதனையில் துடித்த எத்தனையோ பெண்களை அந்தப் புகைக்குள்தான் அவருடைய தந்தையார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். 1995 ஐப்பசி 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அயலவர்களின் கிழவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கார் சாவகச்சேரி வரை போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு தென்னந்தோட்டத்தில் நின்றது. பின்னர் அதை யாரும் காணவில்லை.

அந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் இருவரும் கார் ஓட்டப் பழகினார்கள். மகள் பழகவில்லை. பழக்குவது என்ற பேச்சே எழவில்லை. அவர் ஸ்ரியறிங்கைப் பிடித்தது லண்டனுக்குப் போனபின், இரவு வேலைக்குப் போகப் பேருந்து கிடைக்காத காரணத்தால். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஓட்டியவை எல்லாம் கணவர் தெரிவு செய்த ஏழு இருக்கை வாகனங்கள். பிள்ளைகளை ரியூசனுக்கு, மாமியாரை வைத்தியரிடம், அயலவர்களைக் கோயிலுக்கு, அரிசி மூட்டைகளை வீட்டுக்கு. தகப்பன் யாழ்ப்பாணத்தில் செய்த தொழிலை மகள் லண்டனில் கூலியில்லாமல் செய்துகொண்டிருந்தார் என்று நண்பரே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார். சொன்னபின் அவர் சிரிக்கவில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

மலிவான ஸ்போர்ட்ஸ் கார் என்பது செல்வந்தரின் காரைச் சிறிதாக்கியதால் பிறந்ததல்ல. சாதாரண குடும்பக் காரைக் குறைத்ததால் பிறந்தது. இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோர்ட் நகரில் வில்லியம் மொரிஸ் நடத்திய கார் விற்பனை நிலையத்தின் பெயர் மொரிஸ் கராஜஸ். 1922 இல் அதன் முகாமையாளரான சிசில் கிம்பர், மொரிஸ் கார்களின் அடிச்சட்டத்தின்மேல் அழகான உடல்களைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். எம்.ஜி. என்ற பெயர் அந்தக் கராஜின் முதலெழுத்துகளிலிருந்து வந்ததே. 1928 இல் மொரிஸ் நிறுவனம் மைனர் என்ற சிறிய குடும்பக் காரை அறிமுகம் செய்தது. இது நாம் அறிந்த மொரிஸ் மைனர் அல்ல. அது இருபது ஆண்டுகள் கழித்து அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து வந்தது. கிம்பர் அந்தப் பழைய மைனரின் 847 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தையும் அடிச்சட்டத்தையும் எடுத்தார். அதன்மேல் மரத்தாலும் துணியாலும் ஆன, இரண்டு பேர் மாத்திரம் அமரக்கூடிய, படகின் பின்புறம் போலக் கூர்ந்த ஓர் உடலை வைத்தார். அதுவே எம்.ஜி. மிட்ஜெட். அதே ஆண்டு லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைக்கப்பட்டபோது அதன் விலை 175 பவுண். இயந்திரத்தின் வலு 20 குதிரைவலுதான். ஆயினும் எடை குறைவாக இருந்ததால் அது மணிக்கு 60 மைலைத் தாண்டி ஓடியது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் கடன்பட்டாவது வாங்கக்கூடிய முதல் ஸ்போர்ட்ஸ் கார்களில் அது ஒன்றாயிற்று.

கிம்பரின் சூத்திரம் எளிமையானது. பாகங்கள் பழக்கமானவையாக இருக்கவேண்டும்; அப்போது விலை ஏறாது, எந்தக் கராஜிலும் திருத்தலாம். தேவையற்றவை நீக்கப்படவேண்டும், அப்போது சிறிய இயந்திரமே போதும். இந்தச் சூத்திரத்தை உருவாக்கியவர் 1941 இல் நிறுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1945 மாசியில் லண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்தில் நேர்ந்த ரயில் விபத்தில் உயிரிழந்தார். தான் தொடக்கிவைத்தது கடல் கடந்து போனதை அவர் பார்க்கவில்லை.

போர் முடிந்த பிரித்தானியா கடனில் மூழ்கிக் கிடந்தது. உருக்கு வேண்டுமானால் ஏற்றுமதி செய்யவேண்டும் என்பது அரசாங்கத்தின் கட்டளையாக இருந்தது. 1945 முதல் 1949 வரை எம்.ஜி. ரீ.சீ. என்ற கார் ஏறக்குறைய 10,000 தயாரிக்கப்பட்டது. தோற்றத்தில் அது போருக்கு முந்திய காலத்துக் கார்தான். ஸ்ரியறிங் வலப்பக்கத்தில் மாத்திரமே. அமெரிக்காவின் வீதிகளுக்கு எவ்விதத்திலும் பொருந்தாத அந்தக் காரை அமெரிக்கர்கள் விரும்பினார்கள். பெரிய அமெரிக்கக் கார்களில் பழகியவர்களுக்கு, வீதியின் ஒவ்வொரு கல்லையும் கைகளுக்குச் சொல்லும் சிறிய கார் ஒரு புதிய அனுபவமாக இருந்தது. அங்கு சென்றவை 2,000 அளவில்தான். ஆனால் அவற்றால் திறந்த கதவு அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மூடப்படவில்லை.

இந்த வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு தூரத்து உறவு இருக்கிறது. 1958 வைகாசியில் மொனாக்கோவில் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற குட்டிக் கார் அறிமுகமாகியது. வரியுடன் விலை 669 பவுண். டொனால்ட் ஹீலி என்பவரின் வடிவமைப்பு. வெளிப்புறத்தில் கதவுக் கைப்பிடி இல்லை. பின்புறப் பொதிப்பெட்டிக்கு மூடி இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் கையை விட்டுத்தான் பொருளை எடுக்கவேண்டும். முன்விளக்குகளை மடக்கி வைக்கத் திட்டமிட்டிருந்தார்கள். செலவுக்கு அஞ்சி, நிமிர்த்தியபடியே விட்டுவிட்டார்கள். அதனால் அதற்குத் தவளைக்கண் என்று பெயர் வந்தது. சிக்கனத்தினால் நேர்ந்த அந்த முகத்துக்காகவே இன்று சேகரிப்போர் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

அதன் இயந்திரம் 948 கன சென்ரிமீற்றர், ஏ வரிசை இயந்திரம். ஒஸ்டின் ஏ35 என்ற குடும்பக் காரிலிருந்து எடுக்கப்பட்டது. ஸ்ரியறிங் பொறி மொரிஸ் மைனரிலிருந்து எடுக்கப்பட்டது. 1956 முதல் வந்த மொரிஸ் மைனர் 1000 காரிலும் அதே 948 இயந்திரந்தான் இருந்தது. அதாவது, எங்கள் ஒழுங்கைகளில் மண்ணெண்ணெய் குடித்து இருமிக்கொண்டு ஓடிய வாடகைக் காரும், மொனாக்கோவின் கடற்கரையில் அறிமுகமான ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இதேபோல, யாழ்ப்பாணத்தில் நிறைய ஓடிய ஒஸ்டின் ஏ55 கேம்பிரிட்ஜின் 1489 கன சென்ரிமீற்றர் பீ வரிசை இயந்திரமே, 1955 இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற அழகிய ஸ்போர்ட்ஸ் காரிலும் வலு கூட்டப்பட்டு இருந்தது. தமிழகத்து வாசகர்கள் அறிந்த அம்பாசடர் காரில் நெடுங்காலம் ஓடியதும் அந்த இயந்திரந்தான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நண்பரின் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத பகுதியைச் சொன்னேன். மனைவிக்குச் சொல்லாமல் வாங்குவது என்ற பகுதி அது. அதற்கும் வரலாறுதான் சான்று.

பெண்ணுக்கு எது பிடிக்கும் என்பதைப் பெண்ணிடம் கேளாமல் தீர்மானித்த கார் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் 1955 இல் வெளியிட்ட டொட்ஜ் லா ஃபாம் அது. பிரெஞ்சு மொழியில் அதன் பொருள் 'பெண்' என்பதே. பெரிய டொட்ஜ் கார் ஒன்றுக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையும் பூசினார்கள். அதே நிறத்தில் ஒரு கைப்பை, உதட்டுச்சாயக் கூடு, சீப்பு, சில்லறைப் பணப்பை, மழைக்கோட்டு, தொப்பி, குடை ஆகியவற்றைக் காருடன் சேர்த்துக் கொடுத்தார்கள். காரின் இயக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஓட்டுபவர் பெண் என்பதற்காக இருக்கையையோ பார்வையையோ பற்றி எவரும் சிந்தித்ததாகவும் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளில் விற்றவை 2,500 ஐ எட்டவில்லை. 1956 உடன் லா ஃபாம் நிறுத்தப்பட்டது. பெண்களுக்குக் கார்களில் நாட்டமில்லை என்பது அதற்குக் காரணமல்ல. அந்தக் காரைத் தெரிவு செய்யும்போது அவர்கள் அங்கு இருக்கவில்லை என்பதே காரணம்.

அந்தக் குடை விற்காமல் போய் நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1960 இல், பாட் மொஸ் என்ற ஆங்கிலப் பெண் என்ன செய்தார் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். பந்தய வீரர் ஸ்டேர்லிங் மொஸ்ஸின் தங்கை. துணையோட்டுநர் ஆன் விஸ்டமும் பெண். அவர்கள் ஓட்டியது ஒஸ்டின் ஹீலி 3000. ஸ்பிரைட்டின் மூத்த சகோதரன், ஆறு சிலிண்டர், ஓட்டுவதற்குக் கடினமானது என்று ஆண்களே முறையிட்ட கார். லியேஜ் - ரோம் - லியேஜ் என்ற பந்தயத்தில், ஏறத்தாழ நான்கு இரவு பகல் ஓய்வின்றி மலைப்பாதைகளில் ஓடி, ஆண்கள் அனைவரையும் பின்தள்ளி முதலிடம் பெற்றார்கள். பெண்கள் பிரிவில் முதலிடம் அல்ல, முழுப் பந்தயத்திலும் முதலிடம். சர்வதேசத் தரத்திலான பெரிய ரலி ஒன்றில் பெண் ஒருவர் அவ்வாறு வென்றது அதுவே முதல் தடவை.

இன்னும் பின்னோக்கிப் போனால், கார் வரலாற்றின் முதல் நெடும்பயணமே ஒரு மனைவியினுடையதுதான். 1888 ஆவணியில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தை, கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சில்லு மோட்டார் வண்டியில் அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்மாருடன் கடந்தார். கணவருக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை. வழியில் வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியூசியால் குத்தித் திறந்தார். பிரேக்கின் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பதிப்பித்தார். கணவரின் கண்டுபிடிப்பு ஓடும் என்பதை உலகத்துக்குக் காட்டியவர் அவரே.

"ஆகவே, சொல்லாமல் செய்யும் உரிமை மனைவிக்குத்தான் உண்டு. உனக்கில்லை," என்றேன். நண்பர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, கேட்டுப் பார்க்கிறன்," என்றார்.

கேட்டதும் அந்த அம்மையார் சொன்ன முதல் பதில், "எனக்கெதுக்கு?" என்பதுதான். இரண்டாவது பதில் வர மூன்று வாரங்கள் சென்றன. "ஓட்டிப் பாத்திட்டுச் சொல்லுறன்."

பிரித்தானியாவிலே பிறந்த இந்தக் கலை பிரித்தானியாவிலேயே மடிந்த கதையையும் இடையில் சொல்லவேண்டும். 1960களின் இறுதியிலிருந்து அமெரிக்கா பாதுகாப்புக்கும் புகைக்கும் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அமெரிக்கச் சந்தையை நம்பி வாழ்ந்த எம்.ஜி.பி. காருக்கு 1974 இல் கறுப்பு றப்பர் மோதுதாங்கி பொருத்தப்பட்டது. விளக்குகளின் உயரம் போதாது என்று காரையே உயர்த்தினார்கள். வளைவுகளில் அதன் நிதானம் கெட்டது. புகைவிதிகளுக்காக வலுவும் குறைக்கப்பட்டது. புதிய கார் ஒன்றை வடிவமைக்க நிறுவனத்திடம் பணம் இருக்கவில்லை. பவுணின் பெறுமதி உயர்ந்தபோது ஏற்றுமதியும் நட்டமாயிற்று. 1980 ஐப்பசியில் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாக விற்ற எம்.ஜி.பி. அத்துடன் முடிந்தது. அதே ஆண்டில் ட்ரையம்ப் ஸ்பிற்ஃபயரும் நின்றது. மலிவான திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் காலம் முடிந்துவிட்டதென்றே பலரும் கருதினார்கள்.

அதை மீண்டும் எழுப்பியதில் ஒரு பத்திரிகையாளனுக்குப் பங்கு உண்டு என்பதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. பொப் ஹோல் என்ற அமெரிக்கர் மோட்டார் சஞ்சிகைகளில் எழுதியவர். ஜப்பானிய மொழி நன்கறிந்தவர். 1970களின் பிற்பகுதியில் மஸ்டா நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர்களில் ஒருவரான கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, மஸ்டா எத்தகைய காரைச் செய்யவேண்டும் என்று யமமோட்டோ அவரிடம் கேட்டார். பழைய பிரித்தானியக் கார்களைப் போல, எளிமையான, மலிவான, கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் காரை இன்று எவரும் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள் என்றார் ஹோல். செய்தியாளர்கள் பெரிய மனிதர்களிடம் இப்படி எத்தனையோ யோசனைகளைச் சொல்வதுண்டு. அவை காற்றோடு போவதே வழமை. யமமோட்டோ இதை மறக்கவில்லை. 1981 இல் ஹோல் மஸ்டாவின் அமெரிக்கக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தபின், அந்த யோசனையை ஆராயும்படி யமமோட்டோவே சொன்னார்.

மஸ்டாவின் தலைமையகம் ஹிரோஷிமாவை ஒட்டிய ஃபுச்சு என்ற ஊரில் இருக்கிறது. 1920 இல் தக்கை உற்பத்தி நிறுவனமாகத் தொடங்கி, மூன்று சில்லு லொறிகளுக்கு மாறியது. 1945 இல் அணுகுண்டு விழுந்தபோது இடையில் இருந்த ஹிஜியாமா என்ற குன்று தொழிற்சாலையைப் பெருமளவு காத்தது. அழிந்துபோன நகரத்தின் நிர்வாக அலுவலகங்கள் சில அங்கே தற்காலிகமாக இயங்கின. அவ்வாண்டு மார்கழியிலேயே லொறி உற்பத்தி மீண்டும் தொடங்கியது. போருக்குப் பின் ஹிரோஷிமாவுக்குத் திரும்பிய யமமோட்டோ, பொறியியல் பட்டதாரியாக இருந்தும் அந்தத் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாகவே சேர்ந்தார். 1984 இல் அதன் தலைவரானார். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட ஒருவர், மகிழ்ச்சியைத் தவிர வேறெந்தப் பயனும் இல்லாத ஒரு காரைச் செய்ய அனுமதி கொடுத்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது. சாம்பலிலிருந்து எழும் ஊர் முதலில் பாரம் தூக்கும் லொறிகளைச் செய்கிறது. விளையாட்டுக்கு ஒரு காரைச் செய்வது அதற்குப் பின்னர்தான்.

திட்டத்தின் தலைமைப் பொறியியலாளர் டொஷிஹிக்கோ ஹிராய் ஒரு சொற்றொடரை முன்வைத்தார்: ஜின்பா இத்தாய். குதிரையும் அதில் அமர்ந்தவரும் ஓருடல் என்பது பொருள். செய்முறையோ கிம்பரின் பழைய சூத்திரமே. மஸ்டா 323 என்ற குடும்பக் காரின் 1.6 லீற்றர் இயந்திரத்தை எடுத்துத் திருப்பி வைத்து, பின்சில்லுகளை இயக்க விட்டார்கள். ஒவ்வொரு பாகத்திலும் எடையைக் குறைத்தார்கள். 1989 மாசியில் சிக்காகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 மியாட்டா அறிமுகமாகியது. எடை 940 கிலோ அளவு. வலு 116 குதிரைவலு. அமெரிக்காவில் விலை 13,800 டொலர். 2000 ஆம் ஆண்டில், உலகில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸ் நூல் அதைப் பதிவு செய்தது. 2016 சித்திரையில் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது.

இனி நண்பரின் பட்டியல். அதில் ஐந்து கார்கள் இருந்தன. பழைய எம்.ஜி.பி. அழகானது. நாற்பது ஆண்டைத் தாண்டியதால் அங்கே வீதிவரியும் இல்லை. ஆனால் காற்றுப்பை இல்லை, ஸ்ரியறிங் பாரம். இரவு வேலை முடித்து வருபவருக்கு உகந்ததல்ல. 1995 இல் வந்த எம்.ஜி.எஃப். விலை குறைந்தது, ஆனால் அதன் ஹெட் காஸ்கட் பழுதாவது ஊரறிந்த கதை. டொயோட்டா எம்.ஆர்.2 ஓடுவதற்கு அருமையானது; ஒரு பயணப்பை வைக்கவும் இடமில்லை. நான்காவது, நண்பரின் மனம் விரும்பிய ஜேர்மன் கார் ஒன்று: நீண்ட முகம், பெரிய இயந்திரம். ஐந்தாவது எம்.எக்ஸ்-5.

லண்டனில் வாழ்பவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று உண்டு. 2023 ஆவணி முதல் மாநகரின் எல்லாப் பிரதேசங்களுக்கும் புகைக்கட்டுப்பாட்டு வலயம் விரிந்துவிட்டது. விதிக்குள் அடங்காத கார் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண். பெற்றோல் கார்களில் பொதுவாக 2005 க்குப் பின் வந்தவை விதிக்குள் அடங்கும். நாற்பது ஆண்டைத் தாண்டியவைக்கு விலக்கு உண்டு. இடையில் உள்ளவைதான் சிக்கல். எனவே 2005 இல் வந்த மூன்றாம் தலைமுறை எம்.எக்ஸ்-5 ஐத் தேடும்படி சொன்னேன். முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் துரு பெரும் எதிரி. துணிக்கூரையின் மழைநீர் வழியும் துவாரங்களைச் சருகு அடைத்தால், நீர் உள்ளே தேங்கிக் கதவுக்குக் கீழேயுள்ள சட்டத்தை அரித்துவிடும். அங்கே பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பு மீதியைத் தின்றுவிடும். எந்தத் தலைமுறையானாலும் மினுக்கத்தைப் பாராமல், காரைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்து வாங்கவேண்டும்.

கடந்த ஆனி மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக நான் லண்டன் சென்றிருந்தபோது, இருவரும் கார் பார்க்கப் போனார்கள். என்னையும் கூட்டிச் சென்றார்கள். மகனும் வந்தான். "அது சிகை அலங்காரக்காரரின் கார்," என்று எம்.எக்ஸ்-5 ஐ அவன் நையாண்டி செய்தான். பெண்கள் விரும்பி ஓட்டும் காரென்றால் ஆண்களுக்கு ஓர் இளக்காரம். அந்த ஏளனம் அங்கே பழையது.

முதலில் ஜேர்மன் கார். அந்த அம்மையார் ஐந்தடி உயரம். இருக்கையை எவ்வளவு முன்னே தள்ளினாலும் காரின் முகம் எங்கே முடிகிறதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "நல்ல கார். ஆனா இதை இவர்தான் ஓட்டவேணும்," என்று இறங்கிவிட்டார். அடுத்து 2009 ஆம் ஆண்டு நீலநிற எம்.எக்ஸ்-5. உயரமானவர்கள் நெருக்கம் என்று முறையிடும் அந்த அறை அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. நான் அருகில் அமர்ந்தேன். கியர் மாற்றும் தண்டு குட்டையானது. மணிக்கட்டை அசைத்தாலே போதும். கூரை திறந்திருந்தது. சிறிது தூரம் மௌனமாக ஓட்டினார்.

அவருடைய தந்தையாரின் மைனரில் இருந்த இயந்திரம் ஸ்பிரைட் என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது என்று அப்போது சொன்னேன். அவர் வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதுவும் மண்ணெண்ணெயிலை ஓடியிருக்குமோ, அண்ணை?"

"ஓடியிருக்கும். புகைச்சிருக்கும்."

மேலும் ஒரு மைல் சென்றது. "அப்பா என்னை ஒருநாளும் ஸ்ரியறிங் பிடிக்க விடேல்லை. அவரிலை பிழை இல்லை. அது எங்கடை கார் இல்லைத்தானே. ஊருக்கான கார்." பின்னர் தலையைத் திருப்பி, இருக்கைக்குப் பின்னால் பார்த்தார். "இதிலை பின் சீற்று இல்லை. ஒருத்தரையும் ஏத்தத் தேவையில்லை."

பின் இருக்கை இல்லாததே இந்தக் காரின் பெரிய குறை என்று நண்பர் ஆறு மாதமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். கிம்பர் 1928 இல் மைனரின் பின் இருக்கையை எடுத்தது எடையைக் குறைக்க. இந்தப் பெண்ணுக்கு அது குறைத்த சுமை வேறு. இதை நான் எந்த வாகனப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. எனக்குத் தோன்றியதும் இல்லை.

காரின் அடிப்பக்கத்தைப் பரிசோதித்து, விலை பேசி வாங்கினார்கள். ஓடிப்பழகிய சாதாரண குடும்பக் கார் ஒன்றின் விலையைவிடக் குறைவாகவே முடிந்தது. நண்பர் மிச்சப்பணத்தில் நான்கு ரயர்களையும் மாற்றிக் கொடுத்தார்.

போன மாதம் அவர் மீண்டும் அழைத்தார். அன்று சனிக்கிழமை. வீட்டில் தனியாக இருப்பதாகச் சொன்னார். மனைவி காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டாராம். "நீ போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"இரண்டு சீற்றுத்தானே மச்சான். மற்றதிலை அவவின்ரை சிநேகிதி இருக்கிறா."

பிறகு நாங்கள் வழக்கம்போல அரசியல் பேசினோம்.